இரண்டாவது கட்டத்தில் போட்ட டிக்

எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் பொடிசின் வேலைப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆக்சுவரி. அவளைப் பெற்றவன், அதாவது என் தம்பி, மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். யாராவது கேட்டால், "யாரு எவ்வளவு நாள் உசுரோட இருப்பாங்கன்னு கணக்குப் போடற வேலை" என்பான்.

"ஓ, ஜோசியமா?"

"ஜோசியக்காரனுக்கு எவன் ஏசி ரூம் குடுத்து மாசச் சம்பளம் தர்றான்?" என்று சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு மறுபடியும் சிரிப்பான்.

பொடிசு என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்து மூன்று வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கணக்கில் பட்டம் வாங்கி, ஆறு மாதம் வேலை தேடி, கடைசியில் ஒரு பென்ஷன் ஆலோசனை ஆபீஸில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தாள். பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குச் சாகும்வரை பென்ஷன் தருவதாகச் சொல்லி ஒரு நிதி வைத்திருக்கும் இல்லையா, அது கடைசி ஆள்வரைக்கும் காணுமா என்று பார்த்துச் சொல்கிற ஆபீஸ் அது. பதினோராவது மாடி. ஜன்னல் திறக்காதாம். பதின்மூன்று பரீட்சை எழுதித் தேறினால்தான் முழு ஆள், அதுவரைக்கும் பயிற்சி. ஆபீஸுக்கு ஏதாவது கெட்ட பெயர் வாங்கித் தந்தால் பரீட்சையே எழுத விடமாட்டார்களாம். சேர்ந்த அன்றைக்கே அதற்குத் தனியாக ஒரு காகிதத்தில் கையெழுத்து.

தம்பி பஸ் கட்டுகிற தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் பெயிண்ட் அடித்தவன். ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு முழு பஸ்ஸையும் அவன் நான்கு தடவை சுற்றி வந்தால் வேலை முடிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்துவான். கைக்குட்டையில் மஞ்சள் இருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூட பஸ், சிவப்பென்றால் டவுன் பஸ். அவன் பெண்டாட்டி துவைக்கிற கல்லில் நின்றுகொண்டே, "அண்ணி, இன்னைக்கு நீலம். டூரிஸ்ட் பஸ் போல" என்று எனக்குக் குரல் கொடுப்பாள். நாங்கள் சிரிப்போம். முப்பத்து நான்கு வருஷம் சிரித்தோம்.

நான் புருஷன் போனபிறகு இவர்களோடுதான் இருக்கிறேன். எனக்கும் ஒரு வருமானமும் கிடையாது, தம்பி பெண்டாட்டிக்கும் கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

சேர்ந்த முதல் வாரம் பொடிசுக்கு ஒரு அட்டவணை கொடுத்தார்கள். எல்லோரும் பார்க்கக்கூடியதுதான், ரகசியம் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். மேலே முதல் வரிசையில் வயது பூஜ்யம், ஆட்கள் ஒரு லட்சம். கீழே வரவர வயது ஏறுகிறது, ஆள் குறைகிறது. கடைசிப் பக்கத்தில் ஒருத்தர்கூட மிச்சமில்லை.

"கருமம், சாப்பிடற இடத்துல இதை எதுக்குடி விரிக்கறே?" என்றாள் அவள் அம்மா.

நான் விடவில்லை. "எனக்கு எவ்வளவுன்னு பாரு."

விரலை வைத்துத் தேடினாள். "உங்க வயசுப் பொம்பளைங்களுக்குச் சராசரியா இன்னும் பத்தொன்பது வருஷம், அத்தை."

"அய்யய்யோ, இன்னும் பத்தொன்பது வருஷம் உங்கம்மா சமையலையா சாப்பிடணும்?"

"உங்களுக்கு அப்படியே வேணும்" என்றாள் தம்பி பெண்டாட்டி, கரண்டியை ஓங்கிக்கொண்டு.

தம்பி எட்டிப் பார்த்தான். அவனுக்கு அடுத்த மாதம் அறுபது முடிகிறது. "எனக்கு?"

"அறுபது வயசு ஆம்பளைக்கு... இருபத்திரெண்டுப்பா."

"இருபத்திரெண்டா! நெஜமாவா?"

"கோடிக்கணக்கான பேரை வச்சுப் போட்டது. சும்மா இல்ல."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி அடித்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான். மொட்டைமாடிக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றான், சைக்கிள் வாங்கப்போகிறேன் என்றான். நானும் அவனோடு சேர்ந்து கைதட்டினேன்.

அந்த வாரமே தொழிற்சாலையிலிருந்து ஓய்வுக்கால ஃபாரம் வந்தது. அதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் டிக் போட்டால் பென்ஷன் கொஞ்சம் குறைச்சல், ஆனால் அவன் போனபிறகு பெண்டாட்டிக்குப் பாதி வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது கட்டத்தில் போட்டால் அவன் இருக்கும்வரை கூடுதலாக வரும், அவனோடு முடிந்துபோகும். அவளுக்கு ஒன்றும் இல்லை.

தம்பி பொடிசைப் பார்த்தான். "நீ சொல்லு, கணக்குப்புலி."

அவள் பேனாவை எடுத்தாள். அப்பாவுக்கு இருபத்திரண்டு, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஏதேதோ பெருக்கினாள், கூட்டினாள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை பாருங்கள், கற்றுக்கொண்டதைச் செய்து காட்ட ஒரு துடிப்பு. "ரெண்டாவதுதான்ப்பா லாபம்" என்றாள்.

பெண்டாட்டியும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று ஃபாரத்தில் இருந்தது. அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "எப்படியும் நான்தான் முன்னாடி போகப்போறேன்" என்று ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போட்டாள். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான் தம்பி. முதல் பென்ஷன் பாங்கில் விழும்வரைக்கும் மாற்றிக்கொள்ளலாமாம், விழுந்துவிட்டால் மாற்ற முடியாதாம். அது அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. யார் மாற்றப்போகிறார்கள் என்று அப்போது அந்தத் தேதியை நாங்கள் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

இனிச் சொல்லப்போவது பொடிசு என்னிடம் சொன்னது. நான் அந்தப் பதினோராவது மாடியைக் கண்ணால் பார்த்ததில்லை.

அவளுக்கு மேலே இருந்தது ஒரு மேடம். நாள் முழுக்க வெந்நீர் மட்டும் குடிப்பார், அதிர்ந்து பேசமாட்டார். பக்கத்து மேஜையில் இவளைப்போலவே பயிற்சிக்கு வந்த ஒரு பையன், நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள். கடைசி வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மேடம் இவளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்திருக்கிறார். ஏதோ ஒரு கம்பெனியில் பென்ஷன் வாங்குகிறவர்கள். கம்பெனிப் பெயர் கிடையாது, ஆள் பெயர் கிடையாது. ஆளுக்கு ஒரு வரிசை, அதில் நம்பர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த வருஷம், பிரிவு எண், மனைவியின் பிறந்த தேதி, மனைவிக்குப் பென்ஷன் உண்டா இல்லையா, இறந்திருந்தால் இறந்த தேதி.

"மூணு வருஷத்துல அட்டவணைப்படி முப்பத்தொரு பேர் போயிருக்கணும். போனது அம்பத்திரெண்டு. ஏன்னு பாரு" என்றாராம்.

இவள் மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. வயதைப் பிரித்துப் பார்த்தாள், சேர்ந்த வருஷத்தைப் பிரித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பிரிவு எண்படி பிரித்தாள். சட்டென்று விடை விழுந்ததாம். மற்ற எல்லாப் பிரிவும் சேர்த்து எதிர்பார்த்தது இருபத்திரண்டு, போனது இருபத்து மூன்று. சரியாக இருக்கிறது. ஏழாம் நம்பர் பிரிவில் மட்டும் எதிர்பார்த்தது ஒன்பது, போனது இருபத்தொன்பது.

துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். "மேடம், கண்டுபிடிச்சிட்டேன்! எல்லாம் ஏழுதான்!"

"சபாஷ்" என்றாராம் மேடம். நெட்டை கைதட்டினானாம். அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல முதல் தடவை பாராட்டு வாங்கினேன்" என்றாள். அவள் அப்பா இரண்டு கப் சாப்பிட்டான்.

புதன்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து பிரிவு எண்களுக்கு விளக்கம் வந்தது. இவளுக்குத்தான் வந்தது. மேலே அந்தப் பஸ் முத்திரை. சின்ன வயதிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில் பார்த்த முத்திரை. ஒன்று, கணக்குப் பிரிவு. இரண்டு, ஸ்டோர். ஏழு, பெயிண்ட் ஷாப்.

இவள் பட்டியலின் அடிக்குப் போனாள். புதிதாக ஓய்வு பெறுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்களாம். இருநூற்று எண்பத்தெட்டாவது வரிசையில் அவள் அப்பாவின் பிறந்த தேதி இருந்தது. பிரிவு ஏழு. மனைவிக்கான பென்ஷன் என்ற இடத்தில், இல்லை.

ஏழாம் பிரிவில் ஆள் போகிற வேகத்தை வைத்து அறுபது வயதுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். இருபத்திரண்டு வரவில்லை. பன்னிரண்டு வந்தது. ஏற்கனவே இருமல் இருக்கிறவனுக்கு அதுவும் இல்லை என்று அவளுக்கே தெரியும். அவன் எந்தக் காலத்திலும் அந்தக் கோடிப்பேரில் ஒருத்தன் இல்லை, அந்த இருபத்தொன்பது பேரில் ஒருத்தன்.

அந்த நேரம் பார்த்து மேடம் வந்து, "அறிக்கையில அந்த ஒரு பாராவை நீயே எழுது, நீதானே கண்டுபிடிச்சே" என்றாராம். இதில் என்ன கொடுமை என்றால், எதிர்பார்த்ததைவிட ஆட்கள் சீக்கிரம் போனால் நிதிக்குப் பணம் மிச்சம். அதற்கு அந்த ஆபீஸில் 'இறப்பினால் வந்த லாபம்' என்று பெயர். புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். அதை டைப் அடிக்க விரலை வைத்தவள், முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டாள்.

மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இருநூத்தி எண்பத்தெட்டு எங்கப்பா, மேடம்."

மேடம் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்ப தெரிஞ்சது?"

"இப்பதான். கால் மணி நேரம் ஆகுது."

"சரி, வந்து சொன்னியே, அது நல்லது. இனிமே இந்த ஃபைலை நீ தொடக்கூடாது. பக்கத்து மேஜைப் பையன்கிட்ட குடுத்துடு."

"மேடம், எங்கப்பா ஃபாரத்துல தப்பான..."

"சொல்லாத" என்றார் மேடம். "நீ சொல்லல, நான் கேக்கல. இந்த ரூம்ல பாத்த நம்பர் வெளிய போச்சுன்னா உனக்குப் பரீட்சை கிடையாது. எனக்கு வேலை கிடையாது. உனக்குப் புரியுதா?"

புரிகிறது என்றாளாம். மேடம் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். இவள் ஒன்று எடுத்து மூக்கைத் துடைத்தாள். "வெள்ளையா இருந்துச்சு அத்தை" என்றாள் என்னிடம். "அதைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது அந்தப் புதன்கிழமை சாயங்காலம், மொட்டைமாடியில். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அவள் அப்பா மாடிக் கதவைக் கழற்றி வைத்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். இருமல் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

"அத்தை, வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடலாம். நான் போய் அப்பாகிட்ட சொல்லிடறேன்."

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவள் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் பொறுடி. வேலை போயிட்டா என்ன பண்ணுவே? உங்கப்பன் ரிடையர் ஆயிட்டான். இந்த வீட்டுல இனிமே சம்பாதிக்கறது நீ ஒருத்திதான். வெள்ளிக்கிழமைதானே? நாளைக்கு ஒரு நாள் நல்லா யோசி. உன் ஆபீஸ் பேரு வராம எப்படிச் சொல்லலாம்னு பாப்போம்."

நல்லதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். அவளும் சின்னப்பெண்தானே, பெரியவள் சொல்கிறாளே என்று காலைத் திரும்ப எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் துணியை மடித்துக்கொண்டு இறங்கினோம். "மாடியில என்ன ரகசியம்?" என்று கேட்டான் தம்பி. "உனக்கு மாப்பிள்ளை பாக்கறோம்" என்று நான்தான் சொன்னேன். "எனக்கா!" என்று சிரித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். தம்பி கதவுக்கு முதல் பூச்சு அடித்துவிட்டு, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, அந்த ஃபாரத்தை மாத்திடுங்க. முதல் கட்டத்துக்கு."

"ஏன், நீதானே ரெண்டாவது லாபம்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"எப்படித் தப்பு? புஸ்தகத்துல இருந்துச்சே."

"காரணம் கேக்காதீங்கப்பா. மாத்திடுங்க. நாளைக்குக் காலையிலயே போயிடலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிரஷ்ஷைத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு மயிராகத் துடைப்பவன்போல ரொம்ப நேரம் துடைத்தான்.

"எங்க ஷாப்பு ஆளுங்களா?" என்றான்.

அவள் மண்ணெண்ணெய் டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியாதா? எல்லா சாவுக்கும் நான் போயிருக்கேன்மா. மாலை வாங்கறதுக்குக் காசு வசூல் பண்றதே நான்தான். மூணு பேருக்கு நானே தோள் குடுத்திருக்கேன். எல்லாரும் இப்படித்தான் இருமுவாங்க."

"அப்புறம் ஏன்ப்பா..."

"நீ கோடிப்பேரை வச்சுப் போட்டதுன்னு சொன்னியே. நான் பாத்தது முப்பது பேரைத்தானே. நான் பாக்காதது எதையோ அந்தப் புஸ்தகம் பாத்திருக்கும்னு நெனச்சிட்டேன்."

அதற்குப் பிறகு அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு இப்போதே போகலாம் என்றான். ஆபீஸ் பூட்டியிருக்கும் என்று நாங்கள்தான் உட்காரவைத்தோம்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே அப்பாவும் மகளும் தொழிற்சாலை வாசலில். கவுன்ட்டரில் இருந்த கிளார்க் அவனுக்கு இருபது வருஷப் பழக்கம்.

"என்னண்ணே, ரிடையர் ஆகியும் முதல் ஷிஃப்டுக்கு வந்துட்டீங்க?"

"ஒரு டிக்கை மாத்தணும்ப்பா. ரப்பர் வச்சு அழிச்சிட்டுப் பக்கத்துக் கட்டத்துல போட்டுடு."

கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டினார். "அண்ணே, இன்னைக்கு பாங்க் லீவு. அதனால நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கே எல்லாருக்கும் போட்டுட்டோம். உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே."

தம்பி மெசேஜ் பார்க்கிறவன் இல்லை. கடன் வேணுமா, வீடு வேணுமா என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும், அவன் திறப்பதே கிடையாது. போனை எடுத்து மகளிடம் கொடுத்தான். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இருந்தது. வியாழன், இரண்டு மணி நான்கு நிமிஷம்.

"நேத்துக் காலையில வந்திருந்தீங்கன்னா நானே மாத்தியிருப்பேன் அண்ணே. இப்ப என் கையில இல்ல. மேல எழுதிக் குடுங்க, ஆனா இதுவரைக்கும் யாருக்கும் மாத்தினது கிடையாது."

எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது, இரண்டு வரி. விதிப்படி இயலாது என்று.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அவளிடம் சொன்னானாம், "அம்மாகிட்ட சொல்லாத. அவதான் முன்னாடி போவேன்னு நெனச்சிக்கிட்டு நிம்மதியா இருக்கா." கொஞ்சதூரம் போனபிறகு, "விடும்மா. நான் உன் புஸ்தகத்துல போட்டிருக்கிறபடியே இருந்துட்டுப் போறேன், சரியா?" என்று அவள் தோளில் தட்டினானாம். அந்தப் பஸ் அவன் அடித்த பஸ்தானாம். ஜன்னல் ஓரத்துப் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

தம்பி பெண்டாட்டி என்னிடம் கேட்டாள், "அண்ணி, அப்பாவும் பொண்ணும் காலங்காத்தால எங்க போனாங்க?" சைக்கிள் பார்க்க என்றேன். வாய் கூசாமல் வந்தது. அவள் துவைக்கப் போய்விட்டாள். ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகப்போகிறது, அவன் கைக்குட்டையில் இன்னும் ஏதோ ஒரு நிறம் வந்துகொண்டுதான் இருக்கிறது. என்ன பஸ் என்று அவள் இப்போது சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

பொடிசு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வெளியே சொன்னது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. முதல் பரீட்சையில் தேறிவிட்டாள். முடிவு வந்த அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கி வரவில்லை.

நேற்று வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் நெட்டை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தானாம். அவனுக்கு எதுவும் தெரியாது, மேடம் சொல்லவில்லை.

"ஏய், ஒரு டவுட். அந்த பஸ் கம்பெனி டேட்டாவுல இருநூத்தி எண்பத்தெட்டைப் பாரேன். பொண்டாட்டி இருக்காங்க, பிறந்த தேதி இருக்கு, ஆனா மனைவி பென்ஷன் 'இல்லை'ன்னு இருக்கு. அதுவும் பெயிண்ட் ஷாப் ஆளு. தெரிஞ்சு எவனாவது அப்படிப் போடுவானா? டைப் அடிச்சவங்க தப்பு. 'உண்டு'ன்னு மாத்திடட்டுமா?"

அவன் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்ததாம். ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், அந்தக் கம்ப்யூட்டரிலாவது அவள் அம்மாவுக்குப் பாதி வந்துவிடும். பாங்கில் வராது, அது அவளுக்குத் தெரியும்.

"தப்பு இல்ல. சரியாத்தான் இருக்கு. அப்படியே விட்டுடு" என்றாளாம்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவன் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, இருநூற்று எண்பத்தொன்பதுக்குப் போனானாம்.